ஸ்லைடு இணைப்பைப் பிடிஎஃப் ஆக்கிக் கையில் எடுத்துப் போக: டெக்டேப், படிப்படியாக

போன ஐப்பசியில் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்துக்கு, சம்பாவில் வரும் பூச்சிகளைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். 48 ஸ்லைடு தயார் செய்து இணையத்தில் ஏற்றி, இணைப்பை மட்டும் வைத்திருந்தேன். காலையிலிருந்து விடாத மழை. சமுதாயக்கூடத்தில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். முதல் ஸ்லைடு வந்தது. இரண்டாவது சுற்றிக்கொண்டே இருந்தது. வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்த நாற்பது பேரும் அரை மணி நேரம் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அதே ஸ்லைடுகளை, இணைய ஸ்லைடுகளைப் பிடிஎஃப் ஆக்கித் தரும் டெக்டேப் என்ற மென்பொருளில் போட்டுப் பிடிஎஃப் ஆக்கி, 40 பிரதி எடுத்துக்கொண்டு போனேன். பக்கம் பக்கமாகத் திறந்து பார்க்க நேரமில்லை. ஆனைக்கொம்பன் ஈ தாக்கிய தூர் வெங்காயத்தாள் மாதிரி குழலாக நீண்டு நிற்கும். அதைக் கண்ணால் பார்த்தால்தான் மனதில் நிற்கும். அந்தப் பக்கத்தில் படம் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. முன்வரிசையில் இருந்த பெரியவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, படம் இல்லாம இத எப்படி அடையாளம் பாக்குறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து இந்த வேலையைச் சரியாகக் கற்றுக்கொண்டேன். டியூஷன் எடுப்பவர்கள், பயிற்சி வகுப்பு நடத்துபவர்கள், கல்லூரிப் பாட ஸ்லைடுகளைச் சேர்த்து வைக்கும் மாணவர்கள் யாரும் அந்த ஒரு வாரத்தைத் தொலைக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை வாசிக்கும் ஒலியிலேயே தமிழில் எழுதியிருக்கிறேன். நண்பர்களுக்கு ஃபோனில் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். நீங்கள் தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். குழப்பம் வரக்கூடிய சொற்களுக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லியிருக்கிறேன்.

1. முதலில், இது உங்களுக்குத் தேவைதானா?

எல்லா ஸ்லைடுக்கும் டெக்டேப் வேண்டாம். கூகுள் ஸ்லைட்ஸ் என்றால் ஃபைல் மெனுவில் டவுன்லோடு போய்ப் பிடிஎஃப் என்று தேர்ந்தெடுத்தால் முடிந்தது. கேன்வா, பவர்பாயின்ட் இரண்டிலும் அதே மாதிரி வசதி உண்டு. ஒரு நிமிட வேலைக்கு ஒரு நாளைச் செலவழிக்காதீர்கள்.

டெக்டேப் வேண்டியிருப்பது, இணையப் பக்கமாகவே செய்யப்பட்ட ஸ்லைடுகளுக்கு. பிரவுசரில் திறந்து வலது அம்புக்குறியை அழுத்தினால் அடுத்த ஸ்லைடு வரும். டவுன்லோடு பொத்தான் எங்கேயும் இருக்காது. பக்கத்தின் முகவரியைப் பாருங்கள். ஸ்லைடு மாறும்போது கடைசியில் #/3, #/4 என்று எண் மாறினால் அது பெரும்பாலும் ரிவீல் என்ற கருவியில் செய்தது. ரிமார்க், இம்ப்ரெஸ், ஷவர் போன்றவற்றிலும் செய்வார்கள். இவை அனைத்தையும் டெக்டேப்புக்குத் தெரியும்.

உள்நுழைந்தால் மட்டும் தெரியும் ஸ்லைடு என்றால் இந்த வழி ஒத்துவராது. டெக்டேப் தனக்கென்று ஒரு குரோமைப் பின்னால் திறக்கிறது. உங்கள் பிரவுசரில் நீங்கள் உள்நுழைந்திருப்பது அதற்குத் தெரியாது. வரும் பிடிஎஃப்பில் கடவுச்சொல் கேட்கும் பக்கம்தான் இருக்கும். ஸ்லைடு செய்தவரிடம் பொது இணைப்பு கேளுங்கள்.

அப்படிக் கேட்கும்போதே, அச்சிட்டுக் கொடுக்கலாமா என்றும் கேட்டுவிடுங்கள். படிப்பதற்கு ஒரு பிரதி வைத்துக்கொள்வது வேறு, நாற்பது பேருக்குக் கொடுப்பது வேறு. நான் கேட்ட யாரும் மறுத்ததில்லை. ஒருவர் எழுத்துப் பிழைகளைத் திருத்திப் புதிய இணைப்பே அனுப்பினார்.

2. கையில் என்னென்ன இருக்க வேண்டும்

விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தைய கணினி, இல்லையென்றால் 64 பிட் லினக்ஸ். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முயல வேண்டாம். 2023இல் வந்த 110ஆம் பதிப்பிலிருந்து குரோம் அதில் ஓடுவதில்லை. டெக்டேப் ஓடுவதற்கு வேண்டிய நோட் என்ற மென்பொருளின் புதிய பதிப்பும் ஏறாது. பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப்பில் நான் ஒரு முழு நாளை இதற்காகவே விட்டேன். அந்த லேப்டாப்பில் 64 பிட் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம், அல்லது தெரிந்தவர் கணினியில் அரை மணி நேரம் கேட்டு வாங்கலாம்.

செலவு என்று பார்த்தால் மென்பொருளுக்கு ஒரு காசும் இல்லை. டெக்டேப், நோட் இரண்டும் திறந்தமூல மென்பொருள்கள். டேட்டாதான் செலவு. நோட்டுக்கு 30 எம்பி அளவில் ஆகும். டெக்டேப் தன்னோடு ஒரு குரோமையும் இறக்குவதால் இன்னும் 300 எம்பி வரை கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் செய்வதாக இருந்தால், நாள் டேட்டா முழுசாக இருக்கும்போது, காலையில் ஆரம்பியுங்கள்.

நேரம்: முதல் முறை எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். அப்புறம் ஒவ்வொரு ஸ்லைடுத் தொகுப்புக்கும் ஐந்து நிமிடம் போதும். உங்கள் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். பாதி இறங்கும்போது மோடம் அணைந்தால் வரும் தொல்லையை நான்காம் படியில் சொல்கிறேன்.

3. நோட் போடுவது

நோட்ஜேஎஸ் புள்ளி ஓஆர்ஜி தளத்துக்குப் போங்கள். எல்டிஎஸ் என்று குறித்த பதிப்பை இறக்குங்கள். நிறுவும்போது வரிசையாக நெக்ஸ்ட் கொடுத்துக்கொண்டே போகலாம், ஒரே ஒரு இடம் தவிர.

நடுவில் ஒரு திரை வரும். தேவையான கருவிகளைத் தானாக நிறுவட்டுமா என்று கேட்டு ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாதீர்கள். டிக் செய்தால் பைத்தான், மைக்ரோசாஃப்டின் பில்டு டூல்ஸ் என்று 3 ஜிபி வரை இடம் பிடிக்கும். டெக்டேப்புக்கு அவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை. என் தம்பி முறை ஆகும் பையன் ஒருவன் அதை டிக் செய்துவிட்டு, அன்றைய டேட்டா தீர்ந்து, மறுநாள்தான் மிச்ச வேலையைப் பார்த்தான்.

முடிந்ததும் ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தட்டிக் கறுப்புத் திரையைத் திறந்து இதைக் கொடுங்கள்:

நோட் -வி

பதிப்பு எண் வந்தால் சரி. "அப்படி ஒரு கட்டளை இல்லை" என்று வந்தால் பயப்பட வேண்டாம். நிறுவுவதற்கு முன்பே திறந்து வைத்திருந்த திரையாக இருக்கும். மூடிவிட்டு மறுபடி திறங்கள்.

உபுண்டு லினக்ஸ்காரர்களுக்கு ஒன்று: ஆப்ட் வழியாக வரும் நோட் பழசாக இருக்கலாம். உபுண்டு 22.04இல் அப்படிப் போட்டால் நோட் 12தான் வரும், அது போதாது. என்விஎம் என்ற கருவி வழியாகப் புதியதைப் போடுங்கள். அப்படிப் போட்டால் அடுத்த படியில் சூடோ கேட்கும் தொல்லையும் இருக்காது.

4. டெக்டேப் போடுவது

அதே கறுப்புத் திரையில்:

என்பிஎம் இன்ஸ்டால் -ஜி டெக்டேப்

டெக்டேப்புக்கு எழுத்து டி, இ, சி, கே, டி, ஏ, பி, இ. நடுவில் இடைவெளி இல்லை. எண்டர் தட்டிவிட்டுக் காத்திருங்கள். சில நிமிடம் ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும். அப்போதுதான் குரோம் இறங்கிக்கொண்டிருக்கும். நின்றுவிட்டது என்று நினைத்துத் திரையை மூடிவிடாதீர்கள்.

இங்கே மூன்று பொறிகள்.

விண்டோஸில் பவர்ஷெல் என்ற நீலத் திரையைத் திறந்திருந்தால், ஸ்கிரிப்டுகள் ஓடத் தடை என்று சிவப்பில் ஒரு பத்தி வரும். கணினியில் கோளாறு இல்லை. பவர்ஷெல்லை மூடிவிட்டு சிஎம்டியில் அதே கட்டளையைக் கொடுங்கள், ஓடும்.

அடுத்தது, நடுவில் இணைப்பு அறுந்து போவது. டெக்டேப் ஏறியிருந்தாலும், கூட வர வேண்டிய குரோம் வராமல் போயிருக்கலாம். பிறகு ஓட்டும்போது குரோமைக் காணோம் என்று பிழை காட்டும். மறுபடி 300 எம்பி செலவழிக்கத் தேவையில்லை. உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் குரோமையே காட்டிவிடலாம். கட்டளையில் --குரோம்-பாத் என்று எழுதி, பக்கத்தில் குரோம் இருக்கும் இடத்தை இரட்டை மேற்கோளுக்குள் கொடுங்கள். டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஐகானை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் அந்த இடம் டார்கெட் என்ற வரியில் இருக்கும், அப்படியே நகலெடுங்கள். மேற்கோளை விடக்கூடாது, ஏனென்றால் புரோகிராம் ஃபைல்ஸ் என்ற பெயருக்கு நடுவில் இடைவெளி இருக்கிறது.

மூன்றாவது லினக்ஸில். உபுண்டுவின் புதிய பதிப்புகளில் சாண்ட்பாக்ஸ் இல்லை என்று சொல்லிக் குரோம் திறக்காமல் போகலாம். --குரோம்-ஆர்க்=--நோ-சாண்ட்பாக்ஸ் என்று சேர்த்தால் திறக்கும். ஆர்க்குக்கு எழுத்து ஏ, ஆர், ஜி. ஆனால் இது ஒரு பாதுகாப்பு வேலியை எடுத்துவிடுவது மாதிரி. உங்கள் சொந்த ஸ்லைடு, அல்லது நம்பிக்கையானவர் செய்த ஸ்லைடு என்றால் மட்டும் போடுங்கள்.

5. முதல் பிடிஎஃப்

ஸ்லைடின் இணைப்பை நகலெடுத்துக்கொள்ளுங்கள். கட்டளை:

டெக்டேப் ரிவீல் "இணைப்பு" சம்பா.பிடிஎஃப்

ரிவீலுக்கு எழுத்து ஆர், இ, வி, இ, ஏ, எல். எந்தக் கருவியில் செய்தது என்று தெரியவில்லையென்றால் அந்த இடத்தில் ஆட்டோமேட்டிக் என்று எழுதுங்கள், டெக்டேப்பே கண்டுபிடிக்கும். கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள்.

இணைப்பை எப்போதும் மேற்கோளுக்குள் போடுங்கள். இணைப்பில் & என்ற குறி இருந்தால், மேற்கோள் இல்லாதபோது கறுப்புத் திரை அந்த இடத்திலேயே கட்டளையை இரண்டாக வெட்டிவிடும். பாதி இணைப்பு மட்டும் போய் வேறு பக்கம் வந்து நிற்கும். நான் இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப் பொழுது ஆனது.

ஓட ஆரம்பித்ததும் எத்தனையாவது ஸ்லைடு அச்சாகிறது என்று எண் ஓடும். முடிந்தபின் பிடிஎஃப் எங்கே போனது என்று தேடுவார்கள். கறுப்புத் திரையில் கடைசி வரியின் தொடக்கத்தில் எந்த ஃபோல்டர் பெயர் தெரிகிறதோ, அங்கே இருக்கும். பெரும்பாலும் உங்கள் பயனர் பெயரில் உள்ள ஃபோல்டர்.

ரிவீலும் இல்லை, மற்றவையும் இல்லை என்றால் ஜெனரிக் என்று எழுதுங்கள். அப்போது டெக்டேப் வலது அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போகும். பக்கம் மாறாமல் நின்றால் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். கடைசி ஸ்லைடிலிருந்து மறுபடி முதலுக்கே சுற்றி வரும் தொகுப்பு என்றால் நிற்கவே நிற்காது. அதற்கு ஒரு வரம்பு வையுங்கள்:

டெக்டேப் ஜெனரிக் --மேக்ஸ்-ஸ்லைட்ஸ் 40 "இணைப்பு" பாடம்.பிடிஎஃப்

ஜெனரிக்கில் இன்னொன்று: ஒரே ஸ்லைடில் வரிகள் ஒவ்வொன்றாக வருமாறு செய்திருந்தால், ஒவ்வொரு அழுத்தலும் ஒரு பக்கமாகிவிடும். 20 ஸ்லைடு 70 பக்கமாக வந்து நிற்கும். அச்சிடும்போது ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கடைசிப் பக்கத்தை மட்டும் எண் கொடுத்து எடுங்கள்.

6. படம் வராத பக்கங்கள்

என்னைக் கூட்டத்தில் தலைகுனிய வைத்தது இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டெக்டேப் ஒவ்வொரு ஸ்லைடையும் எடுப்பதற்கு முன் ஒரு நொடி நிற்கும். நகரத்து ஃபைபர் இணைப்பில் அந்த ஒரு நொடிக்குள் படம் வந்துவிடும். நம் ஊர் ஹாட்ஸ்பாட்டில், அதுவும் மழை நாளில், 2 எம்பி புகைப்படம் ஒரு நொடியில் வராது. டெக்டேப் கேள்வி கேட்காமல் வெள்ளைக் கட்டத்தையே எடுத்து வைத்துவிடும். பிழை என்று எதுவும் காட்டாது. இதுதான் ஆபத்து.

மாற்று மருந்து இரண்டு. --லோட்-பாஸ் என்பது முதன்முதலில் பக்கம் திறந்தபின் எவ்வளவு காக்க வேண்டும் என்று சொல்வது. --பாஸ் என்பது ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எவ்வளவு என்று சொல்வது. பாஸுக்கு எழுத்து பி, ஏ, யு, எஸ், இ. நான் இப்போது எப்போதும் கொடுப்பது:

டெக்டேப் --லோட்-பாஸ் 10000 --பாஸ் 3000 ரிவீல் "இணைப்பு" சம்பா.பிடிஎஃப்

எண்கள் மில்லிநொடியில். 3000 என்றால் 3 நொடி. வெறும் 3 என்று எழுதினால் கண் இமைக்கும் நேரம்கூட நிற்காது, பழையதைவிட மோசமாகும். 48 ஸ்லைடுக்கு 3 நொடி வீதம் 144 நொடி. இரண்டரை நிமிடம் கூட இல்லை. அந்த நேரத்தைக் கொடுங்கள்.

பக்கமே திறக்காமல் நேரம் முடிந்தது என்று வந்தால் --யூஆர்எல்-லோட்-டைம்அவுட் 120000 என்று சேருங்கள். வழக்கமாக அது 60 நொடிதான் பொறுக்கும்.

முடிந்ததும் பிடிஎஃப்பைத் திறந்து, பக்க எண்ணிக்கையை ஸ்லைடு எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். அப்புறம் படம் உள்ள பக்கங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டு பக்கத்தில் மட்டும் படம் விட்டிருந்தால் முழுவதையும் மறுபடி ஓட்ட வேண்டாம். --ஸ்லைட்ஸ் 17,23 என்று சேர்த்து, கோப்புக்கு வேறு பெயர் கொடுத்தால் அந்த இரண்டு மட்டும் தனிக் கோப்பாக வரும். தொடர்ச்சியாக வேண்டுமென்றால் 17-23.

7. தமிழ் எழுத்து

விண்டோஸில் நிர்மலா எழுத்துரு இருப்பதால் தமிழ் பொதுவாகச் சரியாக வரும். புதிதாகப் போட்ட லினக்ஸில் தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாக வரலாம். நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஸ்லைடில் தவறில்லை, கணினியில் எழுத்துரு இல்லை என்பதுதான் காரணம்.

பிடிஎஃப்பிலிருந்து தமிழ் வரிகளை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி, "வேளாண்மை" சிதைந்து வரலாம். பார்வைக்கும் அச்சுக்கும் ஒரு குறையும் இராது. வரிகள் எழுத்தாகவே வேண்டுமென்றால் இணைப்பிலிருந்தே நேரடியாக நகலெடுங்கள்.

8. டெக்டேப் எதற்கும் மசியவில்லையென்றால்

ரிவீல் ஸ்லைடுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. குரோமில் இணைப்பைத் திறந்து, முகவரியில் # குறிக்கு முன்னால் ?பிரின்ட்-பிடிஎஃப் என்று சேர்த்து எண்டர் தட்டுங்கள். ஸ்லைடுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்து நிற்கும். எல்லாப் படமும் வரும்வரை கீழே உருட்டிப் பாருங்கள். பிறகு கன்ட்ரோல் பி அழுத்தி, சேவ் ஆஸ் பிடிஎஃப் தேர்ந்தெடுத்து, படுக்கை வசம், மார்ஜின் இல்லை, பேக்ரவுண்ட் கிராஃபிக்ஸ் டிக் என்று வையுங்கள். ஒரே ஒரு தொகுப்பு மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே போதும். மாதம் பத்து தொகுப்பு எடுப்பவருக்கு டெக்டேப்தான் கைகொடுக்கும்.

9. அச்சுக்கும் ஃபோனுக்கும்

கறுப்புப் பின்னணி ஸ்லைடு திரையில் அழகாக இருக்கும். ஜெராக்ஸ் கடையில் தாள் முழுக்க மை படிந்து, எழுத்து மங்கி, கையில் ஒட்டும். உங்கள் சொந்த ரிவீல் ஸ்லைடு என்றால், தீம் என்று வரும் வரியில் பிளாக் என்பதை ஒயிட் என்று மாற்றிவிட்டு எடுங்கள். வேறொருவருடையது என்றால் செய்தவரிடமே கேளுங்கள், ஒரு சொல் மாற்றும் வேலைதான்.

அச்சிடும்போது தாளின் ஒரு பக்கத்துக்கு 4 ஸ்லைடு என்று வையுங்கள். என் 48 ஸ்லைடு 12 பக்கமானது. முன்னும் பின்னும் அச்சிட்டால் 6 தாள். மொத்தமாக எடுப்பதால் பக்கத்துக்கு 1 ரூபாய் என்று கடைக்காரர் கணக்குப் போட்டார். 40 பிரதிக்கு 480 ரூபாய். வெள்ளைக் கட்டத்தோடு போன முதல் தவணையும் அதே 480தான். இப்போது முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, கடையிலேயே நின்று 12 பக்கத்தையும் பார்த்த பிறகுதான் மிச்சம் 39ஐ ஓடச் சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பிடிஎஃப் திறக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் படமாகவே கொடுக்கலாம். கட்டளையில் --ஸ்கிரீன்ஷாட்ஸ் என்று சேர்த்தால் பிடிஎஃப்போடு ஒவ்வொரு ஸ்லைடும் தனிப் படமாகவும் ஒரு ஃபோல்டரில் சேர்ந்துவிடும். ஆனைக்கொம்பன் படத்தை அப்படித்தான் எடுத்து, முன்வரிசைப் பெரியவரின் மகன் ஃபோனுக்கு அனுப்பினேன். மறுநாள் அவர் தன் வயலில் பிடுங்கிய தூர் ஒன்றைப் படம் பிடித்து, இதுதானா என்று கேட்டு அனுப்பியிருந்தார். அதுவேதான்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலத்துக்குள் பிடிஎஃப்பை ஃபோனில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, உடன் வருபவர் ஃபோனில் ஒன்று என்று வைத்துவிடுங்கள். வைத்தபின் ஃபோனை ஏரோபிளேன் மோடில் போட்டுக் கோப்பைத் திறந்து, கடைசிப் பக்கம் வரை தள்ளிப் பாருங்கள்.